‘ஃபைண்ட் மீ’ ஏன் ஏமாற்றுகிறது?

ஆந்த்ரே அசிமானின் ‘ஃபைண்ட் மீ’ 2019 அக்டோபரில் வெளிவந்தது. அவர் 2007இல் எழுதிய ‘கால் மீ பை யுவர் நேம்’ நாவலின் தொடர்ச்சி இது. முதல் நாவலைப் படித்தவர்களும், 2017இல் வந்த அதன் திரைப்படத்தைப் பார்த்தவர்களும், எலியோ, ஆலிவர் என்ற அந்த இருவருக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று அறியக் காத்திருந்தார்கள். புத்தகம் கைக்கு வந்து படித்து முடித்தபோது பலருக்கும் மிஞ்சியது ஏமாற்றம்தான். விமர்சகர்களிலும் கணிசமானோர் அதையே எழுதினார்கள்.

காதலர்கள் இருவரும் கடைசிச் சில பக்கங்களில்தான் ஒன்றாக வருகிறார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது சரியான குறை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாவலின் உண்மையான சிக்கல் கண்ணில் படாது. ‘ஃபைண்ட் மீ’யில் இரண்டு புதிய ஜோடிகள் வருகின்றன. எலியோவின் தந்தை சாமுவேலும் மிராண்டா என்ற இளம்பெண்ணும் ஒரு ஜோடி. எலியோவும் மிஷேல் என்ற பிரெஞ்சுக்காரரும் இன்னொரு ஜோடி. இரண்டிலும் ஒருவருக்கு மற்றவரைப்போல ஏறக்குறைய இருமடங்கு வயது. இப்படி வயது வித்தியாசத்தின் மேலேயே கட்டப்பட்ட ஒரு நாவல், அந்த வித்தியாசத்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. யாரும் எதையும் இழப்பதில்லை, யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை, யாருக்கும் கோபம் வருவதில்லை. என் பார்வையில் இந்தக் காதல்கள் உயிர்பெறாமல் போவதற்கு இதுவே காரணம். குறிப்பாக எலியோ–மிஷேல் கதையை எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் பழைய கதை. 1980களின் இத்தாலி, கடலோரச் சிற்றூர், ஒரு பேராசிரியரின் கோடைகால வீடு. ஆண்டுதோறும் ஓர் இளம் ஆய்வாளர் அங்கே வந்து ஆறு வாரம் தங்கி, அச்சுக்குப் போகவிருக்கும் தன் புத்தகத்தைச் செம்மைப்படுத்துவது வழக்கம். அந்த ஆண்டு வருபவன் ஆலிவர், அமெரிக்கன், வயது 24. பேராசிரியரின் மகன் எலியோவுக்கு 17. எலியோ அவன்மேல் காதல் கொள்கிறான். கோடை முடிகிறது, ஆலிவர் ஊர் திரும்புகிறான், பிறகு ஒரு பெண்ணை மணக்கிறான். கதை இவ்வளவுதான்.

இந்த 17, 24 என்ற கணக்கு சரியா என்ற கேள்வியைப் பலர் எழுப்பியிருக்கிறார்கள். படம் வந்தபோது இன்னும் பலமாகக் கேட்டார்கள், ஏனென்றால் ஆலிவராக நடித்தவர் 24 வயதைவிட மூத்தவராகத் தெரிந்தார். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி அது. பதினேழு வயதுப் பையனும் வளர்ந்த ஓர் ஆளும் ஒருபோதும் சம நிலையில் நிற்பதில்லை. அந்தச் சமமின்மையை முதல் நாவல் மூடி மறைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஆலிவர் ஒதுங்குகிறான், தயங்குகிறான், பேச்சை வெட்டிவிட்டு எழுந்து போகிறான். அவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்று புரியாமல் எலியோ நாள்கணக்கில் தவிக்கிறான். ஒரு சொல்லுக்கும் ஒரு பார்வைக்கும் நூறு அர்த்தம் தேடுகிறான். இவை எல்லாவற்றையும் வளர்ந்த எலியோ திரும்பிப் பார்த்துச் சொல்கிறான் என்பதால், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கழிந்துபோன காலம் நிற்கிறது. ஏழு வயது வித்தியாசம் அந்த நாவலில் ஒவ்வொரு பக்கத்திலும் வேலை செய்கிறது.

ஆலிவர் போன பிறகு தந்தை மகனிடம் பேசும் பகுதியும் அந்த நாவலில்தான் வருகிறது. மகனுடைய காதலைத் தெரிந்துகொண்ட தந்தை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த வலியை அவசரப்பட்டு அணைத்துவிடாதே என்கிறார். தானும் ஒரு காலத்தில் இப்படியொன்றின் அருகில் வந்து, துணிவில்லாமல் விலகிவிட்டதாகக் குறிப்பாக உணர்த்துகிறார். ஆண்களை நேசிக்கும் மகனுக்கு இப்படி ஒரு தந்தை வாய்ப்பது அரிது என்பதால், அந்தப் பகுதியை மனப்பாடமாக வைத்திருக்கும் வாசகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆண்களுக்கிடையிலான காதல் புனைவுக்கான லாம்ப்டா இலக்கிய விருது நாவலுக்குக் கிடைத்தது. படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் ஐவரி 2018இல், தம் 89ஆம் வயதில், ஆஸ்கர் வாங்கினார்.

‘ஃபைண்ட் மீ’ நான்கு பகுதிகள் கொண்டது. நான்கும் மேற்கத்திய இசையின் பெயர்களைத் தாங்கியவை. டெம்போ என்பது இசையின் வேகம். கடென்சா, இசைக்குழு ஓய்ந்துவிட ஒரே கலைஞர் தனித்து வாசிக்கும் பகுதி. கப்ரிச்சியோ, கட்டுப்பாடில்லாத துள்ளலான வடிவம். டா காப்போ, தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி வாசி என்ற குறிப்பு. எலியோ வளர்ந்து பியானோ கலைஞன் ஆகியிருக்கிறான் என்பதால் இந்தப் பெயர்கள் பொருந்துகின்றன. ஆனால் பகுதிகளின் நீளத்தைப் பாருங்கள். தந்தையின் கதையான டெம்போ ஏறக்குறைய பாதிப் புத்தகம். எலியோவின் கதை அதற்கு அடுத்த அளவு. ஆலிவரின் கதை சில பத்துப் பக்கங்கள். இருவரும் சேரும் கடைசிப் பகுதி அதைவிடவும் சிறியது.

டெம்போவில், ரோமுக்குப் போகும் ரயிலில் சாமுவேல் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். மனைவியைப் பிரிந்து வாழ்பவர் அவர். மகனைப் பார்க்கப் போகிறார். அவள், மிராண்டா, நோயுற்ற தன் தந்தையைப் பார்க்கப் போகிறாள். பேச்சு தொடங்குகிறது. அன்றைய பொழுது முடிவதற்குள் இருவரும் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருப்பது என்ற அளவுக்குப் போய்விடுகிறார்கள். கண்டதும் காதல் என்பதில் தவறில்லை. உலக இலக்கியத்தில் பாதி அதில்தான் ஓடுகிறது. ஆனால் தன் தந்தையின் வயதை ஒத்த ஒருவரிடம் மனம் போகும் பெண்ணுக்கு எங்காவது ஒரு நொடி சந்தேகம் வரும். அறுபதை நெருங்கும் ஆணுக்கு, இவள் என்னிடம் எதைக் காண்கிறாள் என்ற அச்சம் வரும். இந்த நாவலில் அச்சம் வருவதுபோல் வரும், மறு வரியில் பாராட்டாக மாறிவிடும். நான் கிழவன் என்கிறார் அவர். இல்லை, நீங்கள்தான் நான் தேடியவர் என்கிற தொனியில் அவள் பதில் சொல்கிறாள். இந்த ஒரே உரையாடல் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு உணவு மேசைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மிராண்டாவுக்கு என்று ஒரு தேவை, ஒரு பிடிவாதம், ஒரு எரிச்சல்கூட இல்லை. முதல் நாவலில் தான் வாழாமல் விட்டதை ஒப்புக்கொண்டதால்தான் அந்தத் தந்தை நம் மனதில் உயர்ந்து நின்றார். இங்கே அவருக்கு அது வட்டியோடு திரும்பக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பழைய ஒப்புதலின் கனம் இதனால் குறைந்துபோகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது கடென்சா. எலியோ பாரிசில் இருக்கிறான். முதல் காதல் முடிந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தேவாலயத்தில் சிற்றறை இசைக் கச்சேரி. அங்கே மிஷேலைச் சந்திக்கிறான். மிஷேல் அறுபதை ஒட்டிய வயதுக்காரர், வசதியானவர், மென்மையானவர், நயமாகப் பேசுகிறவர். உணவகம், நடை, மறுபடி உணவகம், பிறகு பாரிசுக்கு வெளியே இருக்கும் அவருடைய குடும்ப வீடு. அந்த வீட்டில்தான் கதையின் மிகச் சிறந்த பொருள் வெளிப்படுகிறது. மிஷேலின் தந்தை பாதுகாத்து வைத்திருந்த கையெழுத்து இசைப் பிரதி ஒன்று. எழுதியவர் லியோன், யூத பியானோ கலைஞர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தவர். எலியோ அதை வாசித்துப் பார்த்து, அதற்குள் யூதர்களின் கோல் நித்ரே மெட்டு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறான். யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளின் முந்தைய மாலையில் யூதர்கள் ஓதுவது கோல் நித்ரே. மிஷேலின் தந்தைக்கும் அந்த யூதருக்கும் இடையில் என்ன இருந்தது என்ற கேள்வி அங்கிருந்து விரிகிறது.

எவ்வளவு பெரிய வாய்ப்பு இது! ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சிலிருந்து ஏறக்குறைய 76,000 யூதர்கள் வதைமுகாம்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் வெளியே சொல்ல முடியாத ஓர் அன்பு, அடுத்த தலைமுறையின் மிஷேல், அதற்கும் அடுத்த தலைமுறையில் தானும் ஒரு யூதனாகிய எலியோ. மூன்று தலைமுறை ஆண்கள், ஒரே பிரதி. வயது வித்தியாசம் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் பொருள் கிடைக்காது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது மட்டும் முதல் நாவலை எழுதிய அசிமான் எட்டிப் பார்க்கிறார். ஆனால் இந்தத் தேடல் எலியோ, மிஷேல் இருவரின் உறவுக்குள் இறங்குவதில்லை. துப்பறியும் கதையைப்போல ஒரு மர்மம் அவிழ்கிறது, அவ்வளவுதான். தன் தந்தை ஒரு மனிதனை நேசித்திருக்கலாம் என்று தெரிந்த பிறகு மிஷேல் எந்த வகையில் மாறுகிறார்? தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒருவரின் துயரத்தைச் சுமக்கும்போது எலியோவுக்கு என்ன ஆகிறது? இவற்றுக்குப் பதில் தேடினால் மறுபடியும் நன்றி, வியப்பு, பாராட்டு என்பவைதான் கிடைக்கின்றன.

மிஷேலின் இளமையைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், நாவல் எதைத் தவறவிட்டது என்பது இன்னும் தெளிவாகும். 1791இல், புரட்சிக் காலத்துத் தண்டனைச் சட்டத்தில், பிரான்ஸ் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஐரோப்பாவில் அது முன்னோடிச் செயல். ஆனால் 1942இல் ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசு, அத்தகைய உறவுக்கு மட்டும் 21 வயது என்ற தனி வரம்பை வைத்தது. போர் முடிந்தது, விஷி அரசு ஒழிந்தது, அந்தச் சட்டப் பிரிவு மட்டும் தங்கிவிட்டது. 1960இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தன்பாலீர்ப்பைச் சமூகத்தைப் பீடிக்கும் தீமைகளின் பட்டியலில் சேர்த்தது. 1974இல் வரம்பு 18 ஆகக் குறைந்தது. 1982இல்தான் பாகுபாடு முழுதாக நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயின் முதல் செய்திகள் மருத்துவ அறிக்கைகளில் வந்திருந்தன. சட்டம் விடுவித்த அதே வேளையில் நோய் பிடித்துக்கொண்டது. பாரிசில் அந்த ஆண்டுகளைக் கடந்து அறுபதைத் தொட்ட ஒரு மனிதர், முப்பது வயதுக்காரன் ஒருவனின் எதிரில் அமரும்போது அவரோடு ஒரு பெரிய கூட்டமே வந்து அமரும். பயந்து ஒளிந்த ஆண்டுகள், புதைத்த நண்பர்கள், பொய் சொல்லிக் கழித்த குடும்ப விழாக்கள். மிஷேலின் மேல் இந்த எடை எதுவும் தெரிவதில்லை. நல்ல ஒயினும் நல்ல சட்டையும் தெரிகின்றன.

ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளில் வயது வித்தியாசம் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது எப்படி என்பதை நம் வீட்டிலேயே பார்த்து வளர்கிறோம். அம்மா அப்பா, பெரியம்மா பெரியப்பா, பக்கத்து வீடு என்று எங்கும் மாதிரிகள் உண்டு. ஆண்களை நேசிக்கும் பையனுக்கு அந்த வீட்டில் மாதிரி கிடையாது. தன்னைப்போல இன்னொருவர் இந்த உலகில் முதுமைவரை வாழ்ந்திருக்கிறார் என்பதற்கான சாட்சியே பல நேரம் வயதில் மூத்த ஒருவரைச் சந்திக்கும்போதுதான் அவனுக்குக் கிடைக்கிறது. அந்த மூத்தவர் காதலராக மட்டும் இருப்பதில்லை. வழிகாட்டியாகவும் பழைய காலத்தின் நினைவாகவும் இருக்கிறார். அதே காரணத்தால் அவர் கையில் அதிகாரமும் இருக்கிறது. பணம் அவருடையது, வீடு அவருடையது, அனுபவம் அவருடையது. இளையவன் கையிலும் ஒரு அதிகாரம் உண்டு, அவனுக்கு முன்னால் இன்னும் ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. இந்த இரண்டு அதிகாரங்களும் உரசுவதுதான் இத்தகைய கதையின் உயிர். உரசலே இல்லை என்றால் ஒருவர் வயதை 60 என்று போட்டாலும் 35 என்று போட்டாலும் கதை மாறாது. மிஷேலை 35 வயதுக்காரராக மாற்றிக் கடென்சாவைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலான உரையாடல்கள் அப்படியே பொருந்தும்.

இதைச் செய்துகாட்டிய நாவல்கள் இருக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் பட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலை வெளியிட்டார். இது இரண்டு பெண்களின் காதல். தெரேசுக்கு 19 வயது, கடையில் வேலை செய்கிறாள். கரோல் முப்பதுகளில் இருப்பவள், மணமுறிவின் நடுவில் நிற்பவள், ஒரு மகள் உண்டு. இருவரும் ஊர் ஊராகக் காரில் பயணம் போகும்போது கணவன் அமர்த்திய துப்பறிவாளன் பின்தொடர்கிறான். கரோலுக்கு மகளா, தெரேசா என்ற நிலை வந்துவிடுகிறது. மூத்தவளுக்கு இழக்க ஒரு வாழ்க்கை இருக்கிறது, இளையவளுக்கு அது முழுதாகப் புரியும் வயது இன்னும் வரவில்லை. கதையின் இறுக்கம் முழுக்க இந்த இடத்தில்தான். அப்படியிருந்தும், அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறாக, முடிவில் நம்பிக்கைக்கு இடம் வைத்தார் ஹைஸ்மித். விலை கொடுத்துப் பெற்ற நம்பிக்கை என்பதால் அது வாசகருக்கு இனிக்கிறது.

ஆலன் ஹாலிங்ஹர்ஸ்டின் ‘தி ஸ்விம்மிங்-பூல் லைப்ரரி’ 1988இல் வந்தது. இதில் இளைஞனும் முதியவரும் காதலர்கள் அல்லர், ஆனால் தலைமுறை இடைவெளியை இதைவிடக் கூர்மையாகப் பேசிய நாவலைக் காண்பது கடினம். கவலையில்லாமல் சுற்றித் திரியும் வில் பெக்வித், நான்ட்விச் என்ற எண்பது கடந்த பிரபுவின் உயிரைத் தற்செயலாகக் காப்பாற்றுகிறான். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி அவர் கேட்கிறார். பழைய நாட்குறிப்புகளைப் படிக்கப் படிக்க, 1950களில் இங்கிலாந்தில் இத்தகைய ஆண்களை வேட்டையாடிய அதிகாரிகளில் தன் சொந்தத் தாத்தாவும் ஒருவர் என்பதையும், இந்த முதியவர் சிறை போனதற்கு அவரே காரணம் என்பதையும் வில் அறிகிறான். தான் அனுபவிக்கும் செல்வமும் சுதந்திரமும் எங்கிருந்து வந்தன என்று அதுவரை யோசிக்காதவன் அவன். ஒரு முதியவரின் காலம் ஓர் இளைஞனின் வாழ்க்கைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கண்டுபிடிப்பு காட்டிவிடுகிறது. ‘ஃபைண்ட் மீ’யின் இசைப் பிரதியும் இப்படி ஒன்றாக ஆகியிருக்க வேண்டியது.

புனைவைவிட வாழ்க்கை பெரிதாக இருந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட், டான் பச்சார்டியோடு சேர்ந்து வாழத் தொடங்கியது 1953இல். இஷர்வுட்டுக்கு 48 வயது, பச்சார்டிக்கு 18. முப்பது ஆண்டு வித்தியாசம். கலிஃபோர்னியாவில் அவர்களுடைய நண்பர்களே அதிர்ந்தார்கள். புகழ்பெற்ற ஒருவரின் நிழலில் இளைஞனாக இருப்பது பச்சார்டிக்கு எளிதாக இருக்கவில்லை. ஓவியம் கற்று, உருவப்பட ஓவியராகத் தன் பெயரைத் தானே நிலைநாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் உறவு முறியும் நிலைக்குப் போனது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான், துணையை இழந்த ஒரு நடுவயதுப் பேராசிரியரின் ஒரே நாளைச் சொல்லும் ‘எ சிங்கிள் மேன்’ நாவலை இஷர்வுட் எழுதினார். 1964இல் அது வெளிவந்தது. உறவு முறியவில்லை. 1986 ஜனவரியில் இஷர்வுட் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சேர்ந்து இருந்தார்கள். கடைசி மாதங்களில் பச்சார்டி ஒவ்வொரு நாளும் அவரை வரைந்தார். அந்தக் கோட்டோவியங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. பொறாமை, துரோகம், விட்டுக்கொடுத்தல், நோய்ப்படுக்கை என்று அந்த முப்பது வயது வித்தியாசம் அவர்கள் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு முகம் காட்டியது. இதில் பத்தில் ஒரு பங்குகூட எலியோவுக்கும் மிஷேலுக்கும் நாவலாசிரியர் தரவில்லை. எலியோவின் மனம் இன்னொருவனிடம் இருக்கிறது என்று தெரிந்தும் மிஷேல் பெருந்தன்மையோடு புன்னகைக்கிறார். பெருந்தன்மை நல்ல குணம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு இரவாவது அவர் தூங்காமல் கிடந்திருந்தால் அவரை நேசித்திருக்கலாம்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாவலில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். சாமுவேல், மிராண்டா, மிஷேல், எலியோ, மிராண்டாவின் தந்தைகூட. எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் காலம், விதி, வாழாமல் போன வாழ்க்கை என்று அழகான வாக்கியங்களில் பேசுகிறார்கள். பேசுவது முப்பது வயதா அறுபது வயதா என்று பெயரை மறைத்துவிட்டால் சொல்வது கடினம். முதல் நாவலும் இப்படிப்பட்ட சிந்தனைகள் நிறைந்ததுதான். ஆனால் அங்கே அவை பதினேழு வயதுப் பையனின் தலைக்குள் ஓடின. வாய் திறந்தால் அவன் உளறினான், அல்லது மௌனமானான். உள்ளே இவ்வளவு வெள்ளமும் வெளியே இவ்வளவு தடுமாற்றமும் இருந்ததால்தான் நமக்கு அவன்மேல் பரிவு வந்தது. ‘ஃபைண்ட் மீ’யில் தலைக்குள் ஓட வேண்டியதை எல்லோரும் உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரும் உடனே புரிந்துகொண்டுவிடுகிறார். வாசகர் ஊகிக்க எதுவும் மிச்சமில்லை.

கப்ரிச்சியோ பகுதி இதிலிருந்து ஓரளவு தப்பிக்கிறது. ஆலிவர் நியூயார்க்கில் இருக்கிறான். மனைவியோடு அந்த நகரத்தை விட்டுக் கிளம்பப்போகிறான், விடைபெறும் விருந்து நடக்கிறது. விருந்தினர்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவன் கவனத்தை இழுக்கிறார்கள். அந்த ஆண் பியானோவில் பாஹ் வாசிக்கும்போது ஆலிவருக்கு எலியோவின் நினைவு எழுகிறது. இங்கே கடைசியில் ஒரு மனிதன் நடுவயதில் சிக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். எடுத்த முடிவுகளுக்கு நடுவில், நல்ல மனைவிக்குப் பக்கத்தில், சொல்ல முடியாத ஏக்கத்தோடு. நாவல் முழுவதும் இந்தக் குரலில் இருந்திருக்கலாம் என்று நினைக்க வைக்கும் பகுதி இது. சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது.

டா காப்போவில் எலியோவும் ஆலிவரும் சேர்ந்துவிட்டார்கள். சாமுவேல் இறந்துவிட்டார். அவருக்கும் மிராண்டாவுக்கும் பிறந்த சிறுவனின் பெயரும் ஆலிவர். கதையின் ஒரு பகுதி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நடக்கிறது. அசிமான் 1951இல் அந்த நகரத்தில்தான் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதின்ம வயதிலேயே குடும்பத்தோடு எகிப்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு இத்தாலி, பிறகு அமெரிக்கா. 1990களில் வந்த ‘அவுட் ஆஃப் ஈஜிப்ட்’ என்ற நினைவுநூலில் அந்த இழப்பை அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு, தம் காதலர்களை ஏன் அங்கே கொண்டுபோனார் என்பது புரியும். அது ஆசிரியருக்கு அர்த்தமுள்ள இடம். ஆனால் கதையில் அவர்களுக்கு அந்த இடத்தோடு என்ன தொடர்பு? இருபது ஆண்டுகள் கழித்து ஒருவன் மனைவியை விட்டு வந்திருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவு எப்படி நடந்தது, யார் அழுதார்கள், யார் மன்னிக்கவில்லை என்பதை நாவல் நம் கண்முன் நடத்திக்காட்டவில்லை. இளமையில் தொலைத்த ஒருவனை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தொடும்போது வரும் கூச்சத்தைச் சற்றே தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சந்திப்பு அது.

முதல் நாவலின் கடைசிப் பக்கங்களை இதோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெரியும். அங்கேயும் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சந்திக்கிறார்கள். ஆலிவர் அந்தப் பழைய வீட்டுக்கு ஒரு நாள் வருகிறான். சேர்வார்களா மாட்டார்களா என்று ஆசிரியர் சொல்லவில்லை. அந்தத் திறந்த முடிவுதான் இவ்வளவு வாசகர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கதையோடு கட்டிவைத்தது. தொடர்ச்சி எழுதியவர் அந்த முடிவைவிடக் கனமான ஒன்றைத் தந்திருக்க வேண்டும், அல்லது அதைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும்.

ஆக, ‘ஃபைண்ட் மீ’யை வாங்கலாமா என்று கேட்டால், முதல் நாவலைப் படிக்காதவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள், படித்து முடித்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். ஆர்வத்தை அடக்க முடியாதவர்கள் கடென்சாவில் இசைப் பிரதி வரும் பக்கங்களையும் கப்ரிச்சியோவையும் மட்டும் படியுங்கள். வயதில் வேறுபட்ட இருவரின் அன்பைப் பற்றி உண்மையாக எழுதிய ஒரு நாவல் வேண்டும் என்றால் ஹைஸ்மித்தின் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’டை எடுங்கள். 1990இல் அவருடைய சொந்தப் பெயரில் ‘கரோல்’ என்ற தலைப்போடு மறுபடி வந்தது, இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.